முகாம் பங்களாவில் ஒரு தெலுங்குப் பதம்

"பாடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

எனக்கு அப்போது இருபது வயது தாண்டியிருந்தது. மேடையும் விளக்கும் கூட்டமும் பழகிப்போனவள்தான். ஆனால் பட்டப்பகலில், சுருதி இல்லாமல், முகத்தில் அரிதாரம் இல்லாமல், ஒரு மேஜைக்கு எதிரே நிற்க வைத்து யாரும் என்னைப் பாடச் சொன்னதில்லை.

அம்பாசமுத்திரத்துக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டிய ஒரு பங்களாவில் அவர் முகாம் போட்டிருந்தார். மேஜைமேல் மூடி வைத்த ஒரு டம்ளர் பதநீர். மூடியின் விளிம்பை ஓர் ஈ சுற்றிச் சுற்றி வந்தது. மலைப்பக்கமிருந்து வந்த சாரல் காற்று ஜன்னல் கதவை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது.

சுவரோரம் ஞானமுத்து அண்ணன் நின்றார். எங்கள் நாடகக் கம்பெனியில் ஹார்மோனியம் வாசிப்பவர். பாட்டு எழுதுகிறவரும் அவர்தான். இரண்டு பக்கமும் இரண்டு போலீஸ்காரர்கள். கையில் விலங்கு இல்லை. வேட்டி முழுக்கச் சேறு. அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பாடுவதைப் பொறுத்து அவர் ஜெயிலுக்குப் போவார், அல்லது நான் போவேன், அல்லது இரண்டு பேரும் போவோம்.

ஐந்து பாஷைக்காரி

இந்தத் தொடரைப் படிக்கிற அன்பர்கள் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டு எழுதுகிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என்று ஐந்து பாஷைப் பேசும்படங்களில் நடித்தவள் நீங்கள். எந்தப் பண்டிதரிடம் கற்றீர்கள் என்று.

பண்டிதர் யாருமில்லை. பயம்தான் கற்றுக்கொடுத்தது. அந்தப் பயம் பிடித்த இடம் இந்த பங்களா. அதற்கு முன்னே நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மை வடிவு, திருநெல்வேலியில் கல்யாணக் கச்சேரிகளுக்குப் பாடப் போவாள். அவளுக்கு வண்டி வண்டியாகத் தெலுங்குப் பதங்கள் பாடம். தெலுங்கு மட்டும் ஒரு வார்த்தை தெரியாது. அவளுடைய குருவிடம் காதால் கேட்டது; அவள் வாயிலிருந்து நான் காதால் கேட்டேன். என்ன அர்த்தம் என்று கேட்டால், "அர்த்தம் கேட்டா ராகம் கோவிச்சுக்கிடும்" என்பாள்.

ஒரு மாசி மாதம் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். போன பிறகுதான் நான் நாடகத்துக்கு வந்தேன். பெண் வேஷத்தை ஆண்களே கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பெண்ணே பெண் வேஷம் கட்டுகிறாள் என்றால் தப்புக்கொட்டி ஊர் ஊராகச் சொல்லுவார்கள். முதல் வரிசையில் வந்து உட்காருகிறவர்களே மறுநாள் ஆற்றங்கரையில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவார்கள். அதெல்லாம் முன்பே எழுதியாகிவிட்டது.

தோழிப் பாட்டு

ஞானமுத்து அண்ணன் பாளையங்கோட்டைக்காரர். வேதக்கோயில் ஆராதனையில் வாசித்துக் கை பழகியவர்; மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். நாடகத்தின் மேல் கொண்ட பித்தில் வேலையை விட்டார். அவர் மனைவி அன்னம்மாள் தன் வேலையை விடவில்லை. பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவர்கள் டீச்சர். மூன்று பிள்ளைகளையும் அந்தச் சம்பளம்தான் வளர்த்தது. நாடகக் கொட்டகைப் பக்கம் அவர்கள் எட்டிப் பார்த்ததே கிடையாது.

ஒருநாள் நான் தலை சீவிக்கொண்டே அம்மையின் பதம் ஒன்றை முணுமுணுத்தேன். 'தலுபு மூசின சேயி எவரிதே செலியா' என்று தொடங்கும் சரணம். அண்ணன் காதைக் கொடுத்துக் கேட்டார். அர்த்தம் என்ன என்றார். தெரியாது என்றேன். எங்கள் மிருதங்கக்காரர் வெங்கடசாமி நாயக்கர் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. அவர் சொன்னார்: கதவை அடைத்த கை யாருடையது தோழி என்று நாயகி கேட்கிறாளாம்.

அந்த மெட்டில், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, சிறைப்பட்ட ராஜகுமாரிக்கு அண்ணன் தமிழில் ஒரு பாட்டு எழுதினார். போகிற ஊரெல்லாம் அதற்குத்தான் கூட்டம்.

ரயிலில் ஒரு துரை சுடப்பட்டு ஜில்லா முழுக்கக் கெடுபிடியாக இருந்த சமயம் அது. நாலு பேர் சேர்ந்து நின்று சிரித்தால்கூட என்ன சிரிப்பு என்று கேட்பார்கள். அண்ணனிடம் முன்னே படித்த ஒருவரைப் போலீஸ் கொண்டுபோய் வைத்திருந்தது. அவரைப் பற்றிய தகவல் ஒன்றும் வெளியே வரவில்லை. அண்ணன் சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. முக்கூடலில் கொட்டகை போட்டிருந்தபோது, அன்று காலையில் எழுதிய மூன்றாவது சரணத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

*வீடும் எனது, வாசலும் எனது, தோழி – வெளியே
பூட்டிய கை யார்கை, சொல்லடி தோழி
கடல்தாண்டி வந்த கை அல்லவோ தோழி.*

"பாடுவியா?" என்றார். பாடுவேன் என்றேன். என்ன பாடுகிறேன் என்று தெரிந்துதான் பாடினேன். அதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

அன்று ராத்திரி பாடி முடித்ததும் கைதட்டல் இல்லை. கொட்டகை அப்படியே அமுங்கிப் போயிற்று. பிறகு பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், இன்னொரு தரம் பாடு தாயி என்றது. நான் இன்னொரு தரம் பாடினேன்.

மறுநாள் காலை, ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கரையேறிய அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். என்னை அம்பாசமுத்திரத்துக்கு வந்து நடந்ததைச் சொல்லச் சொல்லி உத்தரவு.

வண்டிக்குள்ளே

எங்கள் முதலாளி மந்திரமூர்த்தி அண்ணாச்சி நல்ல மனிதர்தான். ஆனால் பயந்த மனிதர். கொட்டகைக் கயிறுகளை அவிழ்க்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"கோமதி, நான் சொல்லுததைக் கேளு. ஒனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்லிரு. அவரு எழுதிக் கொடுத்தாரு, நான் பாடுனேன், அம்புட்டுத்தான். ஒனக்கும் தொந்தரவில்ல, கம்பெனிக்கும் தொந்தரவில்ல."

"அண்ணனுக்கு?"

அவர் கயிறு சுற்றப் போய்விட்டார்.

செய்தி எப்படியோ பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் விடிந்து நான் வண்டி ஏறப்போகும்போது அன்னம்மாள் டீச்சர் வந்து நின்றார்கள். வெள்ளைச் சேலை, தோளில் ஊசி குத்தியிருந்தது, கையில் ஒரு கறுப்புக் குடை. ராத்திரி எந்த வண்டியில் ஏறி எப்படி வந்தார்களோ. கண் சிவந்திருந்தது. வண்டியில் எனக்கு எதிரே ஏறி உட்கார்ந்தார்கள். சேலை நுனி என்மேல் படாமல் இழுத்து வைத்துக்கொண்டார்கள்.

வண்டி முக்கூடலைத் தாண்டியது. நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் கண்ணைக் கூச வைத்தது. மாட்டுக் கழுத்து மணி ஒன்றுதான் சத்தம்.

பிறகு அவர்களே கேட்டார்கள், அங்கே போய் என்ன சொல்லப் போகிறேன் என்று. அண்ணாச்சி சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். அவர்கள் முகத்தில் ரத்தம் வற்றியது.

"நான் அப்படிச் சொல்லப் போறதில்ல மதினி" என்றேன்.

மதினி என்றது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. இருந்தும் வாய் தவறி வந்த சொல் அல்ல அது. அண்ணனின் மனைவியை வேறெப்படிக் கூப்பிடுவது?

"பெறகு என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியல."

"பொய் சொல்லுவீங்களா?"

"வேற வழி இல்லன்னா."

அவர்கள் குடையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "எனக்குப் பொய் சொல்ல வராது" என்றார்கள்.

"எனக்கு வரும் மதினி. அதுதானே என் தொழிலு."

அவர்கள் இழுத்து வைத்திருந்த சேலை நுனி கையிலிருந்து நழுவி என் காலருகே கிடந்தது. எடுக்கவில்லை.

கதலி

மதினியை வெளியே நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் உள்ளே போனேன்.

இன்ஸ்பெக்டர் நல்ல நிறம், நரைத்த மீசை, அலுத்த கண்கள். சாட்சியாக ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். முக்கூடல் கிராம முன்சீப்பின் ஆள். கொட்டகையின் கடைசியில், வாசல் பக்கம் நின்று பார்த்தவராம். அவர் ஒரே ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: 'கடல்தாண்டி வந்த கை' என்று இவள் பாடினாள், கூட்டம் அமுங்கிப் போயிற்று, இன்னொரு தரமும் பாடினாள். மற்ற வரிகள் அவருக்கு நினைவில்லை.

இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார், இதைப் பாடினது உண்மையா என்று.

இல்லை என்று சொல்ல முடியாது. கொட்டகை நிறையக் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்றால் அண்ணன் போனார். என் காதில் அந்த ஒரு சொல் மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. கடல், கடல். அப்போதுதான் அம்மையின் வேறொரு பதத்திலிருந்து ஒரு சத்தம் நாக்கில் வந்து விழுந்தது. கதலி. அதற்கு என்ன அர்த்தம் என்று சாமி சத்தியமாக எனக்குத் தெரியாது.

"பாடுனேன் எசமான்" என்றேன். "ஆனா அது தமிழ் இல்ல. தெலுங்குப் பதம். மொத ரெண்டு சரணமும் தமிழு. மூணாவது எங்கம்மை பாடுன பழைய சரணம். இவுகளுக்கு அங்கன நின்னு சரியாக் கேட்டிருக்காது."

அண்ணன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்தார். அதன் பிறகுதான் "பாடு" என்றார்.

பாடினேன்.

'தலுபு மூசின சேயி எவரிதே செலியா.' முதல் அடி அம்மையுடையது; தடுமாற்றமில்லாமல் வந்தது. இரண்டாவது அடி அங்கேயே பிறந்தது. 'கதலி வச்சின சேயி எவரிதே செலியா.' பதங்களில் கேட்ட துண்டுகளை மெட்டுக்குள் அடைத்தேன். பொருள் உண்டா இல்லையா, இலக்கணம் நிற்குமா விழுமா, ஒன்றும் தெரியாது. சேலையைக் கால் விரலால் மிதித்துக்கொண்டேன்.

முடித்தேன். ஜன்னல் கதவு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

இன்ஸ்பெக்டர் என்னை நேராகப் பார்த்து, தணிந்த குரலில், தெலுங்கில் பேசினார்.

"ஆ சரணம் மா அம்ம பாடேதி. ரெண்டோ பாதம் அந்துலோ லேது."

அவருக்குத் தாய்பாஷையே தெலுங்கு. எனக்கு அதில் 'லேது' ஒன்றுதான் பிடிபட்டது. ஏதோ இல்லை என்கிறார். எது இல்லை? தெலுங்குப் பதம் பாடுகிறேன் என்று சொன்னவள் தெலுங்கில் பதில் சொல்ல வேண்டும். சாட்சி என் வாயைப் பார்க்கிறார். போலீஸ்காரர்கள் பார்க்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் நாயகி பேசுகிற தெலுங்கு. கோபித்துக்கொண்டு போகிற நாயகனிடம், என் தப்பு என்ன என்று அவள் கேட்பதாக அம்மை ஒரு பதம் பாடுவாள். என்னிடம் கைவசம் இருந்தது அதுதான். கண்ணைத் தாழ்த்திச் சொன்னேன்:

"நா தப்பேமி, சாமி?"

அவர் மீசை லேசாக அசைந்தது. சிரிப்பா கோபமா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. சாட்சியைப் பார்த்து, உமக்குத் தெலுங்கு வருமா என்று கேட்டார். வராது எசமான் என்றார் அவர்.

"வச்சின என்றால் வந்த. சேயி என்றால் கை. கதலி என்றதை நீர் கடல் என்று கேட்டிருக்கிறீர். தூரத்தில் நின்றால் அப்படித்தான் கேட்கும்."

"கடல்னுதான் எசமான் கேட்டுது."

"கேட்டிருக்கும்" என்றபடியே இன்ஸ்பெக்டர் பதநீரின் மூடியை எடுத்தார்.

குடித்து முடித்துவிட்டுத்தான் மறுபடி பேசினார். நாடகக் கம்பெனி உடனே ஜில்லாவை விட்டுப் போய்விட வேண்டும். அந்தப் பாட்டை இங்கே எந்தப் பாஷையிலும் பாடக் கூடாது. ஹார்மோனியக்காரர் வீட்டுக்குப் போகலாம்.

திரும்பும் வழி

விடுதலையாகி வந்தவர் சிரித்துக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். அண்ணன் வண்டியில் ஏறி, வண்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டும் வரை தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"என் அடியைக் கொன்னுட்டியே கோமதி."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஊரே கேட்டுச்சு. ஒரு தரம் இல்ல, ரெண்டு தரம். அதை நீ நாயகன் கோவிச்சுக்கிட்டுப் போன பாட்டா ஆக்கிட்ட. நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன். அடி நின்னிருக்கும்."

மதினிதான் திரும்பிப் பார்த்தார்கள். குரல் உயரவில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்கள். "அடி நாளைக்கும் எழுதலாம். மூணு பிள்ளைகளுக்கு வேற அப்பனை நான் எங்க போயி எழுதுவேன்?"

அண்ணன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். மீதி வழி முழுக்க வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தார். மாடுகளை வேகமாக ஓட்ட வேண்டாம் என்று மதினி வண்டிக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்கள். என்னிடம் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார்கள். என் செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார்கள். அப்புறம் அவர்கள் தோள் குலுங்கியது. அழுதார்கள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். அழுகையும் சிரிப்புமாக இருந்தார்கள்.

முக்கூடலில் கொட்டகை இருந்த இடம் வெறும் குழிகளாகக் கிடந்தது. வெங்கடசாமி நாயக்கர் மட்டும் மிருதங்கத்தோடு காத்திருந்தார். காதில் விழுந்ததை விழுந்தபடியே திருப்பிச் சொல்ல எனக்கு வரும். இன்ஸ்பெக்டர் தெலுங்கில் சொன்னதைச் சொன்னேன்.

நாயக்கர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவரோட அம்மா பாடின சரணம் அது, ரெண்டாவது அடி அதிலே கிடையாதுன்னு சொல்லியிருக்காரு தாயி."

அப்போதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. பங்களாவில் பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை. அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தே விட்டிருக்கிறார். தாயை நினைத்தோ, விவகாரம் வேண்டாம் என்ற அலுப்பிலோ, யார் கண்டது. ஆனால் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமலே ஒரு கயிற்றின்மேல் நடந்திருக்கிறேன். இனி அர்த்தம் தெரியாத ஒரு சொல்லையும் வாயில் எடுப்பதில்லை என்று அந்தக் குழிகளுக்கு நடுவே நின்று முடிவு செய்தேன்.

கம்பெனி அங்கேயே கலைந்தது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்த நாயக்கர் வீட்டுக்குப் போய், அவர் மனைவியோடு மாவாட்டிக்கொண்டும் களை பறித்துக்கொண்டும் தெலுங்கு பேசக் கற்றேன். ஆந்திர தேசத்தில் நாடகம் போடும் கம்பெனி ஒன்றுக்கு அவர் சொல்லி அனுப்பினார். பின்னாளில் மலையாளத்துக்குப் போனபோதும் கன்னடத்துக்குப் போனபோதும் முதலில் கேட்பது ஒன்றுதான்: வசனத்துக்கு என்ன அர்த்தம்? டைரக்டர்கள் சலித்துக்கொள்ளுவார்கள். அவர்கள் யாரும் அந்த மேஜைக்கு எதிரே நின்றதில்லை.

பிளாட்பாரத்தில்

ஆந்திர தேசத்துக்குப் புறப்பட்ட அன்று திருநெல்வேலி ஸ்டேஷனில் ரயிலேறினேன். அம்மை இருந்த தெருவை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தேன். வழியனுப்ப யாரும் வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வெயில் ஏறுகிற நேரம். கரிப்புகைக்குள்ளிருந்து முதலில் கறுப்புக் குடை தெரிந்தது.

மதினி ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் நீட்டினார்கள். பனங்கற்கண்டு. தொண்டைக்கு நல்லது என்றார்கள். அண்ணன் இரண்டடி தள்ளி நின்றார். அன்றைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் மறுபடி கோயிலில் வாசிக்கிறார் என்று மட்டும் கேள்வி.

மணி அடித்த பிறகுதான் ஜன்னல் பக்கம் வந்தார்.

"இப்பத் தெலுங்கு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் அண்ணே."

"கதலின்னா என்ன அர்த்தம்?"

அந்தக் கேள்வியை அவர் எத்தனை நாள் மனசில் வைத்திருந்தாரோ. நாயக்கர் வீட்டில் நான் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்ட சொல்லே அதுதான். "இருந்த எடத்தை விட்டு நகந்து, பொறப்பட்டு. கதலி வச்சின சேயின்னா பொறப்பட்டு வந்த கை."

அவர் உதட்டுக்குள்ளேயே அதைச் சொல்லிப் பார்த்தார். மெட்டுக்குள் வைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் விரல்கள் ஜன்னல் கட்டைமேல் அசைந்தன.

"பொறப்பட்டு வந்த கை" என்றார். "கடலத் தாண்டி அவங்க பொறப்பட்டுத்தானே வந்தாங்க. அப்ப நீ என் அடியைக் கொல்லலை தாயி. பையச் சொல்லியிருக்க, அம்புட்டுத்தான்."

வண்டி நகர்ந்தது. மதினி குடையைத் தாழ்த்தி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பங்களாவில் வராத அழுகையையெல்லாம் அழுதேன்.